என்ன குடுக்குது?

தெருவோரம் ஒருவன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்துக்கொண்டிருந்தால், கடந்து போகிற தமிழனால் சும்மா போக முடியாது. நின்று ஒரு யோசனை சொல்லியாக வேண்டும். "சோக்கைப் போட்டு அடிங்க." "பிளக்கைக் கழட்டித் துடைங்க." "ஒருக்களிச்சு சாய்ச்சுட்டு அடிங்க." இதையெல்லாம் இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டேன். இப்போது யோசனை சொல்வது நின்று, ஜோக் சொல்வது ஆரம்பித்திருக்கிறது.

போன வாரம் தில்லைநகரில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பெரியவர் தன் ஸ்கூட்டரை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி (சொல்வதற்கென்றே கழற்றினார், வேறு காரணம் இல்லை), "வண்டிக்கும் சரக்கு ஊத்திவிடுறாங்கல்ல, அதான் தம்பி படுத்துருச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை. எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். ஆபீஸ் வாட்ச்மேனும் இதையேதான் சொல்கிறார், என் பல் டாக்டரும் இதையேதான் சொல்கிறார். டாக்டர் சொன்னபோது என் வாய் திறந்திருந்தது, பதில் சொல்ல வழியில்லை.

அந்தச் சரக்கு, அதாவது பெட்ரோலில் கலக்கிற எத்தனால், நேற்று ராத்திரி வந்த விருந்தாளி இல்லை. 2003 ஜனவரியில் சில மாநிலங்களில் 5 சதவீதம் என்று ஆரம்பித்தது. 2022 ஜூனில் நாடு முழுக்கச் சராசரி 10 ஆனது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னால் இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். ஒரு மேம்பாலத்தைக்கூட இந்த வேகத்தில் கட்டியதை நான் பார்த்ததில்லை. இந்த 20-ஐப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதற்கு முன் மைலேஜைப் பற்றி ஒரு வார்த்தை.

"என்ன குடுக்குது?"

புது வண்டி வாங்கியவனிடம் விலை கேட்பதற்கு முன்பே நாம் கேட்கிற கேள்வி இது. கறவை மாடு வாங்கியவனிடம் கேட்கிற அதே குரல், அதே சந்தேகப் பார்வை. பதிலும் தயாராக இருக்கும்: "அறுபத்தஞ்சு." ஐந்தால் வகுபடாத மைலேஜை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வண்டி வாங்கிய முதல் மாதத்தில், முதல் சர்வீஸ்கூட விடாத காலத்தில், ஒரு மதியம் காலி ரோட்டில் கிடைத்த எண் அது. பிறகு வண்டிக்கு வயதாகும், செயின் தொங்கும், பின்சீட்டில் ஒரு குடும்பம் ஏறும், டேங்க் மேல் ஒரு குழந்தை உட்காரும். எண்ணுக்கு மட்டும் வயதாகாது. பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் அதே அறுபத்தைந்துதான். ரொம்ப நெருக்கிக் கேட்டால் "லாங்ல அறுபத்தஞ்சு, சிட்டிக்குள்ள அம்பத்தஞ்சு" என்று இறங்குவான். அவன் லாங் போய் எத்தனை வருஷம் ஆனது என்பது வேறு விஷயம்.

கணக்குப் பார்க்கிற விதத்தில் பல சாதிகள் உண்டு. ரிசர்வுக்கு ரிசர்வு பார்ப்பவர்கள் பழமைவாதிகள். ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்க் பார்ப்பவர்கள் கொஞ்சம் வசதியானவர்கள். மெக்கானிக்கிடம் சொல்லிப் பக்கவாட்டில் ஒரு லிட்டர் பாட்டிலைக் கட்டி, குழாய் போட்டு, அது தீர்கிறவரை ஓட்டிப் பார்ப்பவர்கள் தீவிரவாதிகள். டைரியில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்; எங்கள் தெருவில் ஒருவர் மளிகைக் கணக்குக்கும் மருந்துக் கணக்கிற்கும் நடுவில் பெட்ரோலை எழுதி, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மனைவியைச் சந்தேகமாகப் பார்ப்பார். இதில் எந்தச் சாதியிலும் சேராத பெரும்பான்மை நாம். டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, சத்தத்தை வைத்து மைலேஜ் சொல்வோம்.

சிக்கனமும் அப்படித்தான். பாலக்கரை மேம்பாலத்தில் ஏறி முடித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவோம். பங்க்கில் நூறுக்குப் போட்டால் மீட்டரில் ஏமாற்றுவார்கள், அதனால் நூற்றுப்பத்துக்குப் போட வேண்டும். இந்த ரகசியம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், பங்க்காரரைத் தவிர. காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், கூடுதலாகக் கிடைக்கும் என்று விடிவதற்கு முன் எழுந்து, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 'நல்ல பங்க்'கிற்குப் போய் வருகிறவர் என் மாமனார். போய் வர ஆறு கிலோமீட்டர். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த அறுபத்தைந்தின் தலையில்தான் இப்போது இடி விழுந்திருக்கிறது.

"மாமா, அறுபத்தஞ்சு குடுத்துக்கிட்டிருந்த வண்டி, இப்ப நாப்பத்தஞ்சைத் தாண்ட மாட்டேங்குது. எல்லாம் எத்தனால்" என்கிறான் மச்சான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலில் அதை ஐந்தில் ஒரு பங்குதான் கலக்கிறார்கள். 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கையே பழைய வகை இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதம், கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொல்லிவிட்டது. மச்சானின் அறுபத்தைந்தில் 4 சதவீதம் என்றால் இரண்டரை கிலோமீட்டர் சொச்சம். மீதிப் பதினேழு எங்கே போனது என்று கேட்டேன். "நீங்க கவர்மெண்ட் ஆளு மாதிரியே பேசறீங்க" என்று போனை வைத்துவிட்டான்.

மெக்கானிக்குக்கும் நல்ல காலம். முன்பெல்லாம் எந்தக் கோளாறுக்கும் "பெட்ரோல்ல கலப்படம்ணே" என்பார். அப்போது கலப்படம் என்பது குற்றம். இப்போது சதவீதம் போட்ட திட்டம். ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் "எத்தனால்ணே" என்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். புது இன்ஜெக்‌ஷன் வண்டிக்குக் கலவையைச் சரிசெய்துகொள்ள சென்சார் இருக்கிறது. என்னுடைய கார்புரேட்டர் கிழவனுக்கு அந்த வித்தை தெரியாது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஐப்பசி அடைமழையில் வெளியே நிறுத்திய வண்டியின் டேங்கில் எப்படியாவது தண்ணீர் சேர்ந்து அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை மேலே விட்டுவிட்டு அடியில் போய் உட்காரும். டேங்கிலிருந்து பெட்ரோல் குழாய் கிளம்புவதும் அந்த அடியிலிருந்துதான். பழைய ரப்பர் டியூப் உப்பிப்போய் வெடிப்பதும் நடக்கிறது. டியூப் விலை சொற்பம். கூலி சொற்பமில்லை.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிரேசிலில் 1975-லிருந்து இந்த வேலை நடக்கிறது. இப்போது அவர்கள் பெட்ரோலிலேயே 30 சதவீதம் எத்தனால். ஆனால் அங்கே தனி எத்தனாலும் பக்கத்துக் குழாயிலேயே விற்கிறது. பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எத்தனால் லாபம் என்று மனக்கணக்குப் போட்டு, எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்கிறான் வண்டிக்காரன். கேட்கவே பொறாமையாக இருக்கிறது. நமக்குப் பங்க்கில் இருக்கிற சுதந்திரம் "பவர் போடவா சார்?" என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்வது மட்டும்தான். சக்தி குறைந்த சரக்கைக் கலக்கிறீர்களே, விலையையாவது குறைக்கக் கூடாதா என்றால், எத்தனால் கொள்முதல் விலையே சுத்திகரித்த பெட்ரோலைவிட அதிகமாகிவிட்டது என்கிறது அரசு. மலிவு என்று ஆரம்பித்தது, இப்போது அதுவே உசத்தி.

கரும்பு விவசாயிக்குப் போகிறது என்றால்கூட மனசு ஆறும். சின்ன வயதில் லால்குடி ரோட்டில் கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடிக் கழி உருவியவன் நான். அந்தக் கடனைத் தீர்த்ததாக நினைத்துக்கொள்வேன். இப்போது கரும்பைவிட மக்காச்சோளத்திலிருந்துதான் அதிகம் வடிக்கிறார்கள். அந்த மக்காச்சோளம் நாமக்கல் கோழிகளின் சாப்பாடு. தீவனம் விலை ஏறிவிட்டது என்று பண்ணைக்காரர்கள் புலம்புகிறார்கள். ஆக, என் வண்டி ஒரு கோழியோடு போட்டி போட்டுத் தின்கிறது. தின்றுவிட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆம்லெட் விலையைப் பற்றி நான் பேசினால் கட்டுரை நீளும்.

மைலேஜ் பெரிதாக விழுந்தது என்பதெல்லாம் தப்பு, அது ஓட்டுகிற விதம், ஆயில், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாவற்றையும் பொறுத்தது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. நியாயம்தான். ஆயிலை மாற்றினேன். ஃபில்டரைத் தட்டிப் போட்டேன். டயருக்குக் காற்றடிக்க நேற்று சாயங்காலம் பங்க்குக்குப் போனேன். இலவசக் காற்று என்று பெரிய போர்டு. அதன் கீழே குழாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். பெட்ரோல் போடுகிற பையன் என்னைப் பார்க்காமலே சொன்னான்:

"கம்ப்ரஸர் ரிப்பேர்ணே. வெளிய பஞ்சர் கடையில புடிச்சுக்கங்க. எவ்வளவுக்குப் போட?"

"நூத்திப்பத்து."