இல்லாததற்கு அபராதம்

கணக்கில் பணம் இல்லாத குற்றத்துக்குக் கணக்கிலிருந்தே பணம் எடுக்கிற வித்தையை நம் வங்கிகள் கற்றுவைத்திருந்தன. தோவாளையில் பூக்கட்டும் ஒரு பாட்டி பாஸ்புக்கை நீட்டி, "மக்கா, ரூவா இல்லேன்னுதானே ரூவா எடுக்காவ, இல்லாததுல இருந்து எப்பிடி எடுத்தாவ?" என்று கேட்டால் மேனேஜரே முழிப்பார்.

டெல்லியில் முழிப்பு கிடையாது. குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடம் பொதுத்துறை வங்கிகள் 5 ஆண்டுகளில் வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி 2024 ஜூலையில் மக்களவையில் எழுத்துமூலம் சொன்னார். இத்தனைக்கும் ஸ்டேட் வங்கி 2020-லேயே இதை விட்டுவிட்டது. 2024 டிசம்பரில் இன்னொரு பதில்: 10 ஆண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய கடன் சுமார் 12 லட்சம் கோடி. நீக்கியதுதான், தள்ளுபடி அல்லவாம். கடன்காரர் கட்டியே ஆகவேண்டுமாம். பாட்டிக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடைக்கவில்லை. அவளிடம் முதலில் பிடித்தம், பிறகுதான் விளக்கம். அதுவும் கேட்டால்.

எழுத்துமூலப் பதிலில் ஒரு சௌகரியம் உண்டு. நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில்தான் பதில், துணைக்கேள்வி கிடையாது. காகிதத்தை மேசையில் வைத்தால் வேலை முடிந்தது.

2025 ஜூலையில் இந்தியன் வங்கியும் இந்த அபராதத்தைக் கைவிட்டது. ஏற்கெனவே பிடித்த பணத்தைப் பற்றி நம் எம்.பி.க்கள் அடுத்த முறை நட்சத்திரக் கேள்வியாகவே கேட்கட்டும். அமைச்சர் எழுந்து நின்று, துணைக்கேள்விக்கும் வாய்திறந்து பதில் சொல்லட்டும்.