சொந்த ஊருக்கு வந்த கப்பல்

(பேசுகிறவர்கள் இருவர். மாமா: தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர், மகளைப் பார்க்க வந்த இடத்தில் கப்பலேற்றப்பட்டவர். மாப்பிள்ளை: கோயம்புத்தூர்க்காரர், அட்லாண்டாவில் கணினி வேலை, விடுமுறையையும் எக்செல்லில் போடுகிறவர். இடம்: பஹாமாஸ் தலைநகர் நாசோ, பிரின்ஸ் ஜார்ஜ் துறை. குடும்பத்தின் மற்றவர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. கேட்டாலும் வைஃபை பற்றித்தான் இருக்கும்.)

மாப்பிள்ளை: வாங்க மாமா, வேகமா. நம்ம கப்பலோட சேத்து இன்னைக்கு நாலு நிக்குதுங்க. கூட்டம் இறங்கறதுக்குள்ள படிக்கட்டு, கோட்டை, பார்லிமென்ட் மூணையும் முடிச்சிடணும். நாலரைக்கு எல்லாரும் கப்பல்ல இருக்கணும்.

மாமா: பைய வாங்க மாப்ள. நம்ம கப்பலுக்குப் பின்பக்கம், பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? கண்ணாடிய ரூம்புலயே வச்சிட்டேன்.

மாப்பிள்ளை: நாசோன்னு போட்டிருக்குங்க.

மாமா: அதான் பதிவு ஊரு. அப்ப இது இந்த ஊர்க் கப்பல். பெத்த ஊருக்கு வந்திருக்கு, ஒரு மேளதாளம் கூட இல்ல?

மாப்பிள்ளை: இருக்குதுங்களே, அங்க பாருங்க. ஜங்கனூ கோஷ்டி. ஆட்டுத்தோல் பறை, மாட்டு மணி, எல்லாம் வெச்சு அடிக்கறாங்க.

மாமா: அது நமக்கு அடிக்கிறது. கப்பலுக்கு இல்ல. சரி, கம்பெனி எங்க இருக்கு?

மாப்பிள்ளை: ஃப்ளோரிடாலங்க.

மாமா: கட்டினது?

மாப்பிள்ளை: ஐரோப்பால.

மாமா: சமைக்கிறவன் பிலிப்பைன்ஸ்காரன், ரூம்பு பெருக்குறவன் இந்தோனேசியாக்காரன், ராத்திரி சாப்பாட்டு மேசையில நமக்குத் தண்ணி ஊத்தினது கோவாக்காரப் பையன். ஏறினவன் பூரா அமெரிக்கன். இதுல நாசோவுக்கு என்ன பங்கு?

மாப்பிள்ளை: அந்தப் பேரு...

மாமா: அந்தப் பெயிண்ட்டு.

மாப்பிள்ளை: அப்படி இல்லீங்க. அமெரிக்கக் கொடி போட்டா ஆளுங்க பெரும்பாலும் அமெரிக்கர்களா இருக்கணும். சம்பளம் கட்டுப்படியாகாது. கடல்ல ஓடற பெரிய சொகுசுக் கப்பல்ல அமெரிக்கக் கொடி வெச்சது ஒண்ணே ஒண்ணுதான், ஹவாயில ஓடுது. மத்ததெல்லாம் பஹாமாஸ், பனாமான்னு பதிவு பண்ணிக்குவாங்க.

மாமா: தெரியும் மாப்ள. பனாமாக் கொடி போட்ட கப்பல் எங்க ஊருக்கு வராத வாரம் கிடையாது. ஒருத்தன் கூட பனாமாவப் பாத்ததில்லம்பான். நீங்க இந்த ஊர எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க, அதச் சொல்லுங்க.

மாப்பிள்ளை: தண்ணி கலரைப் பாருங்க மாமா! இந்த நீலம் வேற எங்கயாவது கிடைக்குமா? ரிவ்யூ எல்லாம் படிச்சுத்தான் புக் பண்ணினேன்.

மாமா: நீங்க தேர்ந்தெடுக்கல. 1886ல அமெரிக்காக்காரன் போட்ட சட்டம் தேர்ந்தெடுத்துச்சு. வெளிநாட்டுக் கொடிக் கப்பல், நடுவுல வெளிநாடு எதையும் தொடாம, அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ள மட்டும் ஆள ஏத்திக்கிட்டுப் போயி இறக்க முடியாது. கிட்டக்க இருக்கிற வெளிநாடு எது? இதுதான். கப்பல் இந்த ஊருக்காரன்னு சொல்லி சம்பளத்த மிச்சம் பிடிக்குது. அப்புறம் இந்த ஊரு வெளிநாடுன்னு சொல்லி சட்டத்துல தப்பிக்குது. நாசோவுக்கு ஒரே நாள்ல ரெண்டு வேசம்.

மாப்பிள்ளை: (கைபேசியில் தேடிப் பார்த்து, சற்று வாடி) ஆமாங்க. அப்படித்தான் இருக்குது. ஆனா நீலம் நிஜந்தானுங்களே.

மாமா: நீலத்த நான் குறை சொல்லலையே. இந்தத் துறைமுகம் யாரு கையில இருக்கு?

மாப்பிள்ளை: குளோபல் போர்ட்ஸ் ஹோல்டிங்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, 2019ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்காங்க. 2023ல புதுசாக் கட்டித் திறந்தாங்க. கிட்டத்தட்டப் பாதிப் பங்கு உள்ளூர்க்காரங்க பணம் போட்ட நிதிக்கு.

மாமா: அட, இது கொள்ளாமே! பெயிண்ட்டுக்கு மேல ஏதோ கைக்கு வந்திருக்கு. நான் சும்மா சொல்லல மாப்ள, படகுத்துறையெல்லாம் நல்லாத்தான் கட்டியிருக்கான். ஒரே நாள்ல எத்தனை பேரு வாறாங்களாம்?

மாப்பிள்ளை: 2023 பிப்ரவரியில ஒரு நாள்ல மட்டும் 28,000 பேருக்கு மேலங்க. இந்தத் தீவு மொத்தத்துக்கும் மூணு லட்சம் சனம்.

மாமா: பத்து ஊர்க்காரனுக்கு ஒரு விருந்தாளி. அதுவும் நாலரைக்கு எந்திரிச்சுப் போயிருவான்.

(துறைமுகத்தின் கடைவீதி. நாசோவுக்குள் கால் வைக்க இதைத் தாண்டியாக வேண்டும். தாண்டியவர்கள் உண்டு என்று கேள்வி.)

மாப்பிள்ளை: மாமா, இந்த நகைக்கடையில கூப்பனைக் காட்டினா வளையல் இலவசம். நேத்தே கப்பல்ல ஒரு அம்மா மேடை போட்டு விளக்கினாங்க. எந்தெந்தக் கடையில வாங்கினா நம்பிக்கைன்னு வரைபடமே கொடுத்தாங்க.

மாமா: வரைபடத்துல போடுறதுக்குக் கடைக்காரன் காசு குடுத்திருப்பானா?

மாப்பிள்ளை: விளம்பரக் கட்டணம்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்குங்க.

மாமா: 1906ல எங்க ஊர்ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டாரு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும். வெள்ளக்காரக் கம்பெனி கட்டணத்தக் குறைச்சுப் பாத்தான், எடுபடல. கடைசில டிக்கெட்டே வேண்டாம், சும்மா ஏறு, கூட ஒரு குடையும் தாறேன்னான். அன்னையிலருந்து கப்பல்காரன் எதையாவது இலவசம்னு சொன்னா எங்க ஊர்க்காரனுக்குக் காது அரிக்கும்.

மாப்பிள்ளை: அப்ப வளையல் வேண்டாங்களா?

மாமா: உங்க அத்தை ஏற்கெனவே உள்ள போயிட்டா. அவளுக்கு ஒண்ணு, எனக்குன்னு ஒண்ணு, ரெண்டா வாங்கச் சொல்லுங்க.

(கடைக்கு வெளியே மாப்பிள்ளையின் சின்ன மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார் ஒரு பெண்மணி. ஒவ்வொரு பின்னலுக்கும் தனித்தனி விலை. அப்பா எண்ணுகிறார், பின்னலும் பெருகுகிறது.)

மாமா: எத்தனை பின்னலு?

மாப்பிள்ளை: பாதித் தலை ஆயிடுச்சுங்க. நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா ஒரு பக்கம் மட்டும் இருக்கும்.

மாமா: இந்த நாலு நாள்ல நான் பாத்த ஒரே நல்ல வியாபாரம் இது. காசு நேரா அந்தம்மா பைக்குப் போகுது. குடுங்க, குடுங்க, பேரம் பேசாதீங்க.

(அரசிப் படிக்கட்டு. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர் செங்குத்தாக நிற்கிறது. உள்ளே வெயில் இல்லை, ஈரவாடை. மாமா முதல்முறையாகப் பேசாமல் நிற்கிறார். மாப்பிள்ளைக்கு அது பழக்கமில்லாததால் அவரே பேசுகிறார்.)

மாப்பிள்ளை: மொத்தம் 66 படிங்க. ஒண்ணு சாலைக்கு அடியில போயிடுச்சு, 65 தான் தெரியும். 1790கள்ல வெட்டினது. மேல இருக்கற ஃபின்காசில் கோட்டைக்குப் போறதுக்கு. விக்டோரியா மகாராணி பேர்ல...

மாமா: இருங்க. விக்டோரியா எப்பப் பிறந்தா?

மாப்பிள்ளை: 1819.

மாமா: அவ பிறக்கிறதுக்கு முன்னாலயே வெட்டின படி, அவளுதா? யாரு வெட்டினா?

மாப்பிள்ளை: அடிமைங்க. ஆப்பிரிக்காலருந்து கொண்டு வந்தவங்க. கோடாலி, உளி மாதிரி கையாயுதம் வெச்சே பாறையைக் குடைஞ்சிருக்காங்க.

மாமா: அந்தச் சுவத்துல கை வச்சுப் பாருங்க. கொத்தின தடம் இன்னும் இருக்கு.

மாப்பிள்ளை: வெக்கறேங்க. அப்படியே நில்லுங்க, ஒரு படம் எடுத்துக்கறேன். கொஞ்சம் சிரிங்க மாமா.

மாமா: என்னத்துக்குச் சிரிக்க?

மாப்பிள்ளை: ஃபேமிலி குரூப்ல போடணுங்க.

(கோட்டைக்கு ஏறுகிறார்கள். கோட்டை, துடுப்புச் சக்கரக் கப்பலின் முன்பக்கம் போன்ற உருவம். 1793ல் கட்டிய காலத்திலிருந்து ஒரு போரிலும் சுட்டதில்லை என்று மாப்பிள்ளை வாசிக்க, ‘நல்ல உத்தியோகம்’ என்கிறார் மாமா. அங்கிருந்து நான்கு கப்பல்களும் தெரிகின்றன. ஊரில் அவற்றைவிட உயரமான கட்டடம் அதிகமில்லை.)

மாப்பிள்ளை: அங்க எதிர்த்தாப்ல பாருங்க, பாரடைஸ் தீவு. பழைய பேரு பன்றித் தீவு. 1959ல ஹன்டிங்டன் ஹார்ட்ஃபோர்டுங்கற அமெரிக்கப் பணக்காரர் வாங்கிப் பேரை மாத்திட்டார்.

மாமா: பன்றித் தீவுக்கு எவன் காசு குடுத்து வருவான்? சொர்க்கம்னா டிக்கெட் போடலாம். நம்ம அங்க போகலையா?

மாப்பிள்ளை: ஒரு நாள் அனுமதிச் சீட்டு விலையைப் பாத்தேங்க. நம்ம ஆறு பேருக்கும் சேத்தா இன்னொரு தடவை கப்பல்லயே வந்துடலாம்.

மாமா: கொள்ளக்காரக் காட்சிக்கூடம்னு வழியில ஒரு பலகை பாத்தேன்.

மாப்பிள்ளை: ஆமாங்க! பிளாக்பியர்ட் எல்லாம் இங்கதான் இருந்தாங்க. 1718ல உட்ஸ் ராஜர்ஸ்னு ஒரு கவர்னர் வந்து அவங்களை ஒடுக்கினார். அதைத்தான் குடியேற்ற நாட்டோட லத்தீன் முத்திரை வாசகமா வெச்சாங்க. ‘கொள்ளையரை விரட்டி வணிகத்தை மீட்டோம்’னு அர்த்தம். அப்புறம் வாசகத்தை மாத்திட்டாங்க.

மாமா: (கீழே துறைமுகக் கடைவீதியை நீண்ட நேரம் பார்த்து) மாத்தினது நல்லதுதான்.

(பாலத்தடியில் பாட்டர்ஸ் கே என்ற இடம். சங்குக்கடைகள். ஒருவர் சுத்தியலால் சங்கின் முதுகில் ஓட்டை போட்டு, கத்தியை விட்டு அறுத்து, சதையை உருவி எடுக்கிறார். மாமாவின் முகம் மலர்கிறது.)

மாமா: மாப்ள, வேலக்காரன்யா இவன்! ஒரே குத்து, பாருங்க. எங்க ஊர்ல சங்கு குளிக்கிறவங்க மூச்சடக்கி எடுப்பாங்க. ஆனா அது ஓட்டுக்காக. வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். இங்க பாருங்க, சதையத் தின்னுட்டு ஓட்ட மலையாக் குவிச்சிருக்கான். ரெண்டு ஊரும் சேந்தா ஒரு சங்கு கூட வீணாகாது.

மாப்பிள்ளை: மாமா, அது பச்சையாங்க. எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு, வெங்காயம், தக்காளி, மிளகாய், அவ்வளவுதான். வேகவே வெக்கலை.

மாமா: எலுமிச்சையில வேகும். ஒரு தட்டு சொல்லுங்க.

மாப்பிள்ளை: உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா... கப்பல் டாக்டர் கட்டணம் தெரியுங்களா? அதுவுமில்லாம மதியச் சாப்பாடு கப்பல்லயே இருக்குதுங்க. காசு கட்டியாச்சு. ஒன்றரைக்குள்ள போனா பஃபே. அத்தையும் பசங்களும் ஏற்கெனவே திரும்பியாச்சு.

மாமா: திரும்பியாச்சா? சோறு திங்கவா?

மாப்பிள்ளை: கட்டின காசை விட முடியுங்களா? பாதிக் கப்பல் அப்படித்தாங்க செய்யும். போய்ச் சாப்பிட்டுட்டு மறுபடி இறங்கலாம். யாரும் மறுபடி இறங்க மாட்டாங்க, ஆனா இறங்கலாம்.

மாமா: பெத்த ஊருக்குத் தாலுகாபீசு வேலையா வந்த பய மாதிரி இருக்கு. ஒரு வாய் சாப்பிடாம ஓடுதோம். நீங்க போங்க. நான் தின்னுட்டு வாறேன்.

மாப்பிள்ளை: தனியாவா? கப்பல் விட்டுட்டுப் போயிடுமுங்க மாமா! அவங்க விக்கற டூர்ல போனவங்க லேட்டானாத்தான் காத்திருப்பாங்க. நாமளா சுத்தினா காத்திருக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் எல்லாரும் அந்த டூரையே வாங்கறாங்க.

மாமா: பயத்தையும் அவன்தான் விக்கான், பாதுகாப்பையும் அவன்தான் விக்கான். உக்காருங்க மாப்ள. எக்செல்ல ஒரு கட்டத்த அழிங்க.

(மாப்பிள்ளை உட்கார்ந்தார். இரண்டாவது தட்டு அவர் சொன்னது. இதை வீட்டில் சொல்லக் கூடாது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். சங்குக்காரர் மாமாவிடம் ஒரு ஓட்டைக் கொடுத்து ஊதச் சொன்னார். மாமா ஊதியதில் பக்கத்துக் கடைக்காரர்கள் கை தட்டினார்கள். எக்செல்லில் இதற்குக் கட்டம் இல்லை.)

(மாலை. கப்பலின் மேல்தளம். கடைசி நிமிஷத்தில் துறையில் ஓடிவருகிற ஒரு தம்பதியைப் பார்த்து, மேலே நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டி ஆரவாரம் செய்கிறார்கள்.)

மாமா: அந்தப் பொண்ணு கையில செருப்பத் தூக்கிக்கிட்டு ஓடுதே! இவங்க என்னத்துக்குக் கத்துதாங்க?

மாப்பிள்ளை: ஒவ்வொரு துறைமுகத்துலயும் இப்படித்தாங்க. இதைப் பாக்கறதுக்குன்னே சில பேரு முன்னாடியே வந்து இடம் பிடிப்பாங்க. படம் எடுத்து யூடியூப்ல போடுவாங்க.

மாமா: ஊரச் சுத்திப் பாக்க வந்தவன எல்லாம் விட்டுட்டு, ஊர்ல கொஞ்சம் கூடுதலா நின்னவனப் பாத்துச் சிரிக்காங்க. நாளைக்கு எந்த ஊரு?

மாப்பிள்ளை: ஊர் இல்லீங்க, தீவு. பஹாமாஸ்தான். ஆனா கம்பெனி வெச்சிருக்கற தனித்தீவு. சறுக்கு, நீச்சல்குளம், பார் எல்லாம் இருக்கும்.

மாமா: கடல் நடுவுல தீவு, அதுல நீச்சல்குளமா? ஊர்க்காரங்க?

மாப்பிள்ளை: வேலைக்கு வருவாங்க. தொந்தரவு எதுவும் இருக்காதுங்க. அங்கயும் நம்ம கப்பல் கார்டுதான், காசு எடுத்துட்டுப் போகவே வேண்டாம்.

மாமா: நாசோவுல பின்னலு போட்ட அந்தம்மாவுக்காவது கைக்குக் காசு போச்சு.

மாப்பிள்ளை: நானும் ஒண்ணு யோசிச்சேங்க மாமா. அடுத்த தடவை நாசோல இறங்க வேண்டாம். கப்பல்லயே இருந்துடலாம். எல்லாரும் இறங்கிடுவாங்க, சறுக்குல க்யூவே இருக்காது. அனுபவப்பட்டவங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்களாம்.

மாமா: அப்ப ஊர எப்படிப் பாக்க? அந்தச் சங்குக் கடை?

மாப்பிள்ளை: பால்கனி அறையாப் போட்டுடறேங்க. உக்காந்த இடத்துலயே தெரியும்.

மாமா: துறைமுகத்துல வேல பாத்தவன்கிட்டச் சொல்லுதீங்களே. கப்பல இப்படிப் பக்கத்துப் பக்கத்துல கட்டினா, பால்கனியிலருந்து என்ன தெரியும்? பக்கத்துக் கப்பலோட பால்கனி. அதுல ஒருத்தன் துண்டு கட்டிக்கிட்டு நிப்பான்.

மாப்பிள்ளை: (அடுத்த துறையில் நிற்கும் கப்பலை நிதானமாக நோட்டம் விட்டு) அதுவும் நல்லாத்தாங்க இருக்குது. நம்மளுதை விட ரெண்டு மாடி அதிகம். அடுத்த வருஷம் அதுல புக் பண்ணிடலாங்களா?