மல்லாட்டைக்காரர் பேரன்

என் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. என் அப்பா திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை விவசாயி. இந்த இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்துக்கொண்டு நாலரை வருஷமாகக் காலம் தள்ளுகிறோம்.

நான் படித்ததே மல்லாட்டை விற்ற காசில். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றாலும் மணிலாக்கொட்டை என்றாலும் வேர்க்கடலைதான். பேரனுக்கு அது ஆகாது என்று முதலில் சொன்னபோது, சொந்த சாதிசனத்தைப் பழித்துவிட்டதுபோல அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பையனுக்கு ஒன்றரை வயதில், ஒரு கல்யாண வீட்டில் இட்லிக்கு ஊற்றிய சட்னியை நாக்கில் தடவினோம். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாய் எழும்பி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேங்காய்ச் சட்னி என்றுதான் சொன்னார்கள். தேங்காய் விற்கிற விலையில் அதில் பாதி வேர்க்கடலை என்பது பிறகு தெரிந்தது.

அதன்பிறகு நோயைவிட அதை விளக்குவதுதான் பெரும்பாடு. தமிழும் கைகொடுக்காது. ‘கடலை ஆகாது’ என்று சொல்லிப் பாருங்கள். கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப் பருப்பு, கடலை மாவு எல்லாம் ஒன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறும். உண்மையான குற்றவாளி மட்டும் வெளியே உலவும். போன நவராத்திரிக்குப் பக்கத்து வீட்டு மாமி ரொம்ப ஜாக்கிரதையாகச் சுண்டலை ஒளித்து வைத்துவிட்டு, “உனக்குன்னு கடலையே இல்லாம தரேன்டா கண்ணா” என்று புளியோதரையை நீட்டினார். அதில் வறுத்த வேர்க்கடலை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தட்டை நான் பிடுங்கியதும் மாமிக்கு ஒரே ஆச்சரியம். “அது தாளிப்புன்னா?”

இப்படியிருக்க, உணவு ஒவ்வாமை பற்றிப் பெற்றோருக்கு ஒரு நாள் கருத்தரங்கு, நட்சத்திர ஓட்டலில். இரண்டு பேருக்குப் பணம் கட்டியிருந்தேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று அப்பாவைக் கூட்டிப்போனேன். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. பையில் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

முதலில் பேசிய டாக்டரம்மா, வேர்க்கடலை கொட்டை வகையே இல்லை, அவரை உளுந்து மாதிரிப் பருப்புக் குடும்பம் என்று ஆரம்பித்தார். அப்பா என் காதில், “இதச் சொல்லவா மாநாடு? வேர்ல முடிச்சு இருக்கே, பாத்தாத் தெரியாது?” என்றார். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

அடுத்து வந்த விஷயம்தான் வினை. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலையே காட்டாதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-ல் சொன்னது. 2008-ல் அந்த யோசனையைக் கைவிட்டது. இஸ்ரேலில் கைக்குழந்தைகள்கூட ‘பாம்பா’ என்றொரு வேர்க்கடலைப் பொரியைக் கொறிக்கின்றன. அங்கே இந்த ஒவ்வாமை குறைவு. பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கோ பத்து மடங்கு. இதைக் கவனித்த லண்டன் மருத்துவர் கிடியன் லாக், ஒவ்வாமை வரக்கூடிய 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்குச் சின்னதிலிருந்தே வேர்க்கடலை, மீதிப் பேருக்குக் கண்ணிலேயே காட்டவில்லை. 2015-ல் முடிவு வந்தது. ஐந்து வயதில், தவிர்த்த குழந்தைகளில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு ஒவ்வாமை; சாப்பிட்டவர்களில் மூன்றே பேருக்கு.

அப்பா எழுந்தே விட்டார். “ஆறாம் மாசமே அரைச்சு நாக்குல தடவுடான்னு சொன்னேனே, கேட்டியாடா?”

மைக் தேவைப்படவில்லை, வரப்பில் நின்று ஆள் கூப்பிட்ட குரல் அது. டாக்டரம்மா சிரித்தபடி, “ஐயா, அது வர்றதுக்கு முன்னாடி. வந்த பிறகு கொடுத்தா உயிருக்கே ஆபத்து” என்றார். அப்பா உட்கார்ந்தார். ஆனால் முக்கால் வெற்றி தனக்குத்தான் என்று அவர் முகம் சொன்னது. அந்த முக்காலை நானும் மறுக்க முடியாது. ஊரே தள்ளிப்போடச் சொன்னபோது, தோல் உரித்தே கை காய்த்துப்போன ஒரு மனுஷன் வேறு சொன்னார், நாங்கள் கேட்கவில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனை. வேர்க்கடலையில் உள்ள புரதங்களில் அரா எச் 2 என்பதுதான் முக்கியம் என்று திரையில் படம் போட்டார்கள். அப்பா கை தூக்கினார்.

“நான் டி.எம்.வி. 7 போட்டவன். டி.எம்.வி.ன்னா எங்க திண்டிவனம். இந்த அரா எச் 2 எந்த ஊரு ரகம்? எத்தன நாள் பயிரு? எண்ணெ காணுமா?”

அரங்கமே சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல், “எல்லா ரகத்திலயும் அது இருக்குங்க ஐயா” என்றார். அப்பாவுக்கு அது இடி. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் புரதம் தங்கும் என்று டாக்டரம்மா சேர்த்துச் சொன்னபோது, மாதாமாதம் ஊரிலிருந்து டின்னில் எண்ணெய் கொண்டுவரும் அப்பா, தரையைப் பார்த்தார். அந்த எண்ணெயை நாங்கள் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அவருக்கு அதுவரை தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டில் மூன்று சட்னி. எதில் வேர்க்கடலை இருக்கிறது என்று பரிமாறுகிற பையனைக் கேட்டேன். “கவலையே படாதீங்க சார், எல்லாமே ப்யூர் வெஜ்.”

சாயங்காலம் ஊசிப் பயிற்சி. மூச்சு இழுத்தால் அலர்ஜி மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கம், பிறகு ஆஸ்பத்திரி. பேனா மாதிரியான தானியங்கி ஊசி நம்மூர் மருந்துக்கடைகளில் லேசில் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் மச்சான் வேண்டும். பயிற்சிக்கு ஊசியில்லாத பேனா கொடுத்தார்கள். எம்.எஸ்சி. படித்த நான் அதைத் தலைகீழாகப் பிடித்து என் கட்டைவிரலிலேயே அழுத்தினேன். நிஜ ஊசியாயிருந்தால் மருந்து எனக்குப் போயிருக்கும். அப்பா வாங்கி, “வேட்டி மேலயே குத்தலாமாம்மா?” என்று கேட்டு, ஒரே அழுத்தில் சரியாகச் செய்தார்.

முடிந்து கிளம்பும்போது அப்பா டாக்டரம்மாவிடம் போய் மஞ்சப்பையை நீட்டினார். “நம்ம கொல்லையில வெளஞ்சது. அவிச்சது.” காலையிலிருந்து, வேர்க்கடலை ஆகாத பிள்ளைகளைப் பெற்ற இருநூறு பேருக்கு நடுவில், நாற்காலிக்கு அடியில் இரண்டு படி அவித்த மல்லாட்டை இருந்திருக்கிறது.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மா பையை இறுக்கிக் கட்டினார். “எனக்கு உசிருங்க ஐயா. ஆனா இங்க பிரிக்க வேணாம், வெளிய வாங்க” என்றார். கார் நிறுத்துமிடத்தில் இருவரும் நின்று உரித்து உரித்துத் தின்றார்கள். தோலை ஒன்றுவிடாமல் பையில் போட்டார் டாக்டரம்மா. பிறகு, சானிடைசர் தடவினால் வேர்க்கடலைப் புரதம் போகாது, சோப்புதான் என்று சொல்லி, காவலாளியிடம் சோப்பு கேட்டு வாங்கி, குழாயடியில் அப்பாவைக் கை கழுவ வைத்தார்.

இப்போதெல்லாம் ஊரிலிருந்து வந்தால் அப்பா வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பேரனைத் தூக்குகிறார். பிஸ்கட் பாக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார். ‘வேர்க்கடலை இருக்கலாம்’ என்று அதில் அச்சடித்திருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “இருக்கா இல்லியான்னு சொல்லாம, இருக்கலாம்னா என்னடா அர்த்தம்? ஜோசியக்காரனா இவன்?”

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாழைப்பழம் வாங்கி வாருங்கள். புளியோதரை வேண்டாம்.