குழல்வாய் ஆற்றலும் ஆறிப்போன டீயும்: ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்: ஆய்வு செய்தல்.

ஆய்வின் தேவை: இப்பொருள் குறித்துத் தமிழில் முன்னாய்வு ஏதும் இல்லை என்று எழுதிவிட்டால் தேவை தானாகப் பிறந்துவிடும் என்பது மரபு. தேடிப் பார்த்துவிட்டு எழுதுவதா, பாராமலே எழுதுவதா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. பின்னதே செழிப்பாக இருக்கிறது.

இனி ஆய்வுப்பொருள். பன்னிரண்டு போர் (bore) துப்பாக்கியில் தோட்டா வெடித்து, ரவைகள் குழலின் வாயைத் தாண்டும் கணத்தில் அவற்றுக்கு உள்ள இயக்க ஆற்றலே குழல்வாய் ஆற்றல் என்க. 'என்க' என்று முடியாத வரையறை வரையறை ஆகாது (காண்க: இவ்வாசிரியர் எழுதவிருக்கும் நூல், ப. 41).

பன்னிரண்டு என்பது யாதோ எனின், ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 12 உருண்டைகளாக உருட்டினால், அவற்றுள் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர். விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறுத்து, குழலும் 15.6 மி.மீ. ஆகிவிடும். ஆக, எண் பெருகப் பெருக உள்ளிருப்பது சிறுக்கும். இவ்விதி முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பக்க எண்ணுக்கும் பொருந்துமா என்று கேட்கும் மாணவர் வேறு வழிகாட்டியைத் தேடிக்கொள்வது நல்லது. 0.410 என்னும் துப்பாக்கி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன விட்டம். ஏன் அப்படி என்று கேட்டால் 'புறனடை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

ரவைக்கும் எண் உண்டு. அமெரிக்க முறையில் ரவையின் எண்ணை 17-இலிருந்து கழித்தால், மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் அதன் விட்டம். ஏழரை எண் ரவை என்றால் 9.5, அதாவது 0.095 அங்குலம், சுமார் 2.4 மி.மீ. இதே ரவையைப் பிரிட்டிஷார் ஏழு என்பர். அமெரிக்காவில் ஏழரை பிடித்த பறவை அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன் பக்கம் போய்விட்டால் அரை கழிந்துவிடும் என்பது இதனால் போதரும். பறவைக்கு இதில் நிம்மதி ஏதும் கிடைத்ததாகத் தெரியவில்லை. சோதிடத் துறையோடு இணைந்து செய்ய வேண்டிய ஆய்வு இது. நிதி வந்தால் பார்க்கலாம்.

ரவை உருண்டையாக இருப்பதற்குக் காரணம் பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் வாட்ஸ். உருகிய ஈயத்தை உயரத்திலிருந்து சல்லடை வழியே ஊற்றி, காற்றில் தானே உருண்டையாக விட்டு, கீழே தண்ணீரில் பிடித்தார். 1782-இல் காப்புரிமை வாங்கினார். அதற்காகத் தம் வீட்டின் மேலேயே கோபுரம் எழுப்பினார். அவர் வீட்டம்மா என்ன சொன்னார் என்பது தனி ஆய்வுக்குரியது.

குழல்வாய் ஆற்றலை அளக்கும் முறை பற்றி ஆய்வாளர் விரிவாகவே அறிய வேண்டும். 1742-இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் ராபின்ஸ் பீரங்கிக் கலை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வேகமாகப் போகும் குண்டைக் காற்று மற்றவர்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு தடுக்கிறது என்றும் காட்டினார். சுருக்கமாக எழுதினார்; அதுதான் வினை. 1745-இல் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் பெயர்த்து, உரையும் எழுதினார். உரை மூலத்தைப் போலப் பல மடங்கு வீங்கியது. ராபின்ஸ் ஒரு வரி சொன்னால் ஆய்லர் ஒன்பது பக்கம் சொன்னார். ஒப்புக்கொண்டால் நீளமாகவும் மறுத்தால் அதைவிட நீளமாகவும். பிறகு 1777-இல் அந்த வீங்கிய நூலை ஆங்கிலத்துக்கே திருப்பி மொழிபெயர்த்தார் ஹியூ பிரவுன். ஆக, தங்கள் நாட்டான் என்ன சொன்னான் என்பதை ஆங்கிலேயர் ஜெர்மன் வழியாக, உரையோடு, முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டார்கள். உரைக்கு உரை, அவ்வுரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு மறுப்பு என்று வாழும் நம்மூர்ப் புலவர் பெருமக்கள் இதில் புதுமை ஏதும் காணமாட்டார்கள். மூலம் இன்னும் கிடைக்கிறதே என்றுதான் வருந்துவார்கள்.

ராபின்ஸ் இந்த ஆங்கிலத் திருப்பத்தைப் பார்க்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைப் பொறியாளராக இங்கே வந்தவர், 1751-இல் கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். கம்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும்போதே இறந்ததாகச் சொல்வர். அவ்வகையில் அவர் ஆய்வாளர் குலம் முழுமைக்கும் முன்னோர் (விரிவுக்கு: இவ்வாசிரியர் எழுதவிருக்கும் நூல், திருத்திய இரண்டாம் பதிப்பு, ப. 312, முதற் பதிப்பில் இப்பகுதி இல்லை, முதற் பதிப்பே இல்லை).

கணக்குக்கு வருவோம். தோட்டாவில் 28 கிராம் ரவை. வேகம் நொடிக்கு 400 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 2,240 ஜூல். ஏ.கே. 47-இன் குண்டு குழல்வாயில் சுமார் 2,000 ஜூல்தான். குருவி சுடும் தோட்டா ஏ.கே. 47-ஐ மிஞ்சிவிட்டது என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்துக்கொண்டு பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் உண்டு.

மேலே தொடர விரும்புவோர்க்காக: 2,240 ஜூல் என்பது 100 மி.லி. டீயின் சூட்டை ஐந்து டிகிரிக்குச் சற்று மேல் உயர்த்தும். 45 டிகிரிக்கு ஆறிப்போன டீயை 60 டிகிரிக்குக் கொண்டுவர மூன்று தோட்டா போதும். இங்கே அறிஞர்கள் மூன்றாகப் பிரிகின்றனர். டீக்குள் சுட வேண்டும் என்பார் முதற் சாரார். இவர்களுக்குக் கிளாஸ் மிஞ்சுவதில்லை. டீக்கு அருகில் சுட வேண்டும் என்பார் இரண்டாம் சாரார். இவர்களுக்குக் கடை மிஞ்சுவதில்லை. கடைக்காரரிடம் சொன்னால் சூடு பண்ணித் தருவார் என்பார் மூன்றாம் சாரார். அற்றன்று, அது முறையியல் அன்று (காண்க: மேற்படி நூல், மூன்றாம் பதிப்பு, தொகுதி 4, ப. 1,108, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, அதை மறுத்து இவ்வாசிரியரே வேறு பெயரில் எழுதவிருக்கும் மதிப்புரை, அம்மதிப்புரைக்கு இவ்வாசிரியர் காட்டவிருக்கும் கடும் ஆட்சேபம்).

கருதுகோள்: குழல்வாய் ஆற்றல் அளக்கப்படும் இடத்தில் எந்தப் பறவையும் நிற்பதில்லை.

நிறுவுதல்: 28 கிராமில் ஏழரை எண் ரவை சுமார் 345. எனவே 2,240-ஐ 345 பேர் பங்கிட வேண்டும். தலைக்கு ஆறரை ஜூல். பத்து மீட்டர் போட்டியில் சுடும் காற்றுத் துப்பாக்கியின் ஒற்றைக் குண்டுக்கே ஏறத்தாழ ஏழரை ஜூல் உண்டு. (இங்கேயும் ஏழரை. சோதிட நிதி வரட்டும்.) குழலை ஒட்டிய ஓரிரு மீட்டருக்குள் ரவைகள் பிரியாமல் ஒரே கட்டியாகப் பாயும் என்பதால், அந்த எல்லைக்குள் யாரும் நின்று இக்கட்டுரையைச் சோதித்துப் பார்க்கலாகாது.

36 மீட்டர் தள்ளிப் போவோம். ராபின்ஸ் சொன்ன காற்று வேகத்தில் பாதியை உண்டுவிட்டது. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்கு. சரியாகப் பாதிக்குச் சற்று மேலே நிற்பதால் ரவைக்கு இரண்டு ஜூலுக்கும் சற்றுக் குறைவாகத் தேறும். நன்றாக ஒடுக்கிய குழலாக இருந்தால் 76 செ.மீ. வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது ரவை விழும். மிச்சம் ஊர் சுற்றப் போய்விடும்.

இலக்கு களிமண் தட்டு என்று கொள்வோம். விட்டம் 11 செ.மீ., எடை 105 கிராம். 1900-இல் பாரிஸில் உயிருள்ள புறாக்களையே சுட்டார்கள். அது ஒலிம்பிக் போட்டிதானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். புறாக்களின் தரப்பு கேட்கப்படவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டது தட்டுகளையே. போட்டி நடந்தது பாரிஸிலன்று, ஷாத்தோரூவில். இத்தகைய திருத்தம் ஒன்றாவது இல்லாவிட்டால் கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

தட்டு நம் பக்கம் முழுமுகம் காட்டுவதாகவே தாராளமாகக் கொண்டாலும், அதன் மேல் சராசரியாக ஐந்து ரவை படும். ஐந்தையும் கூட்டினால் 9 ஜூல். 2,240-இல் புறப்பட்டது 9-ஆகப் போய்ச் சேர்கிறது. நடுவில் கசிந்தது எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் அரசுத் திட்டங்கள் எதையும் பார்த்ததில்லை போலும். தட்டோ அந்த ஒன்பதுக்கே உடைந்துவிடுகிறது. அது ஏட்டைப் படிப்பதில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. ரவை முன்னே போனால் துப்பாக்கி பின்னே வரும். மூன்றேகால் கிலோ துப்பாக்கி சுட்டவரின் தோளில் வந்து இடிக்கும்போது அதற்குள்ள ஆற்றல் 25 முதல் 30 ஜூல் வரை. அதாவது, பட்டதற்குக் கிடைப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சுட்டவருக்குக் கிடைக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழிக்குப் புதிய உரை எழுத இடம் இருக்கிறது. மூலத்தைவிட இருநூறு பக்கமாவது கூடுதலாக வரும். தைலம் தேய்த்துக்கொண்டு தொடங்க வேண்டும்.