கிங்ஸ் சர்க்கிளில் தனி ஆவர்த்தனம்

மாட்டுங்காவில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நெற்றியில் சந்தனமும் கையில் கதம்பமுமாக ஒரு மாமா தொடையில் தாளம் தட்டியபடி நடந்து போனால் என்ன நினைப்பீர்கள்? முந்தின நாள் ஷண்முகானந்தா ஹாலில் கேட்ட பல்லவியை அசைபோடுகிறார் என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி மாமாவை வழிமறித்து, "யார் மாமா, பாலக்காடு மணி ஐயரா?" என்று பவ்யமாகக் கேட்டேன். "பானம்" என்றார். காபியைச் சொல்கிறார் என்று ஹோட்டல் பக்கம் திரும்பினேன். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"ஜான் பானம்டா. லெட் ஸெப்பலின். ட்ரம்ஸ். 1980-ல போய்ட்டான். 32 வயசுதான்."

எதனால் போனார் என்று கேட்டேன். "பானத்தாலதான்" என்றார் மாமா, சிரிக்காமல். அன்று பிடித்தது எனக்குச் சனி.

இந்த மாமாக்கள் தனி இனம். எழுபதைத் தொட்டவர்கள், தொடப்போகிறவர்கள், தொட்டுவிட்டு ஒப்புக்கொள்ளாதவர்கள். அப்பா தஞ்சாவூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் செய்துவிட்டு வந்து பம்பாயில் ஸ்டெனோ ஆனவர். பிள்ளைக்கு எஸ்.ஐ.இ.எஸ். பள்ளிக்கூடம், ருயா காலேஜ், அப்புறம் பாங்க். வீட்டில் காலையில் சுப்ரபாதம், சாயங்காலம் தங்கைக்குப் பாட்டு வாத்தியார். பிள்ளையாண்டானுக்கு மட்டும் காலாகோடாவில் ரிதம் ஹவுஸ். அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று ரெக்கார்டைப் போட்டுக் கேட்கலாம். ஒன்றும் வாங்காமல் கேட்டே காலேஜ் படிப்பை முடித்ததாக மாமா பெருமைப்படுவார். 2016-ல் அந்தக் கடை மூடினபோது மாமா பத்து நாள் க்ஷவரம் செய்துகொள்ளவில்லை. மாமிதான் வந்தவர்களுக்கெல்லாம் "ஆத்துல எல்லாரும் சௌக்கியம்" என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்பது இங்கிலீஷ் பாட்டுதான். கேட்கும் காது கும்பகோணத்துக் காது. அதை மாற்ற எந்தக் கிடாராலும் முடியவில்லை. 'ஸ்டெய்ர்வே டு ஹெவன்' என்றால் மாமாவுக்கு அது முறையாக நடந்த கச்சேரி. முதலில் நிதானமாக ஆலாபனை, அப்புறம் உருப்படி, கடைசியில் கல்பனாஸ்வரம். "பாதிப் பாட்டு வரைக்கும் மிருதங்கம் கையைக் கட்டிண்டு உட்கார்ந்திருக்கு பாரு, அந்த அடக்கம் இன்னிக்கு எந்தப் பயலுக்கு இருக்கு?" என்பார். பிங்க் ஃப்ளாய்ட், சௌக்க காலம். 'எக்கோஸ்' 23 நிமிஷம். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் குக்கர் நாலு விசில் அடித்துவிடும். பீட்டில்ஸ், துக்கடா. ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் 1968 ஜனவரியில் இதே பம்பாய் எச்.எம்.வி. ஸ்டுடியோவில் நம் வித்வான்களை உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்தவர் என்பதால் அவருக்குச் சலுகை உண்டு.

'மோபி டிக்' வரும்போது மட்டும் மாமாவின் குரல் தழுதழுக்கும். சபாவில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் ஜனங்கள் கான்டீனுக்கு எழுந்து போவார்கள். ஸெப்பலின் மேடையில் பானம் ஆரம்பித்தால் மற்ற மூன்று வித்வான்களுமே எழுந்து போய்விடுவார்கள். இருபது நிமிஷம், சில நாள் அரை மணி. "அதுக்குப் பேர்தான் மரியாதை" என்பார். அப்படியானால் கான்டீனுக்குப் போகிறவர்களை மட்டும் ஏன் திட்டுகிறார் என்று நான் கேட்டதில்லை. எனக்கும் போண்டா பிடிக்கும்.

இந்த இனத்துக்கு ஒரு புராணம் உண்டு. 1972-ல் ஸெப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் பம்பாய் வந்தார்கள். இங்கத்திய வாத்தியக்காரர்களோடு 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' என்ற இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அது முறைப்படி வெளிவர 2015 ஆயிற்று. போதாததற்குக் கொலாபாவில் ஸ்லிப் டிஸ்க் என்ற டிஸ்கோவில் ஒரு ராத்திரி வாசித்தும் விட்டார்கள். இத்தனையும் நிஜம். ஸ்லிப் டிஸ்க் சின்ன இடம். ஆனால் அன்றைக்கு அங்கே இருந்ததாக என்னிடம் சத்தியம் செய்தவர்களை மட்டும் உட்கார வைப்பதற்கே வான்கடே ஸ்டேடியம் வேண்டும். எங்கள் மாமாவும் அவர்களில் ஒருவர். மாமி காபி ஆற்றிக்கொண்டே ஒருநாள் உடைத்துவிட்டாள்: "அப்போ இவர் டான்ஸில் ஆபரேஷன் பண்ணிண்டு ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். மாமனார் கணக்கு நோட்டுல ஐஸ்கிரீம் செலவு எழுதியிருக்கு. இவருக்குத் தெரிஞ்ச ஸ்லிப் டிஸ்க் முதுகுல இருக்கறது ஒண்ணுதான்."

எந்த வித்வானுக்கும் ஒரு எதிர்க்கட்சி வேண்டுமே. அது செம்பூரில் இருக்கிறது. டிராம்பே அணுசக்தி நிலையத்தில் என்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். டீப் பர்பிள் உபாசகர். ஞாயிறு காலை சேடா நகர் முருகனைச் சேவித்துவிட்டு, வடாலாவில் வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்குவார். கஃபே மெட்ராஸ் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு மேஜை கிடைக்கும்வரை நிற்கிற முக்கால் மணி நேரம்தான் இவர்களுடைய சபா. நடுவில் கூப்பிட்டுவிட்டால் கோபம் வரும். அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாதத்தைத் தொடர்வார்கள். ஹோட்டல்காரர்களுக்கு இது பழகிவிட்டது.

"உம்ம பேஜ் கையில அழுக்கு ஓய். எங்க ப்ளாக்மோர் கிடார் வாசிக்கற விரல் பாரும், ஒவ்வொரு ஸ்வரமும் முத்து முத்தா விழும். 'மேட் இன் ஜப்பான்' மேடையில வாசிச்சது, ரூமுக்குள்ள ஒட்டுப்போட்டது இல்லை. கில்லன் பாட, ப்ளாக்மோர் பின்னாலயே வாங்கிண்டு வரான். எந்த வயலின்காரன் அப்படி வாங்குவான்?"

"அந்த ப்ளாக்மோர் 1993-லயே ஓடிட்டானே! 1995-ல பர்பிள் இந்தியாவுக்கு வந்தப்போ நீர் யாரைப் போய்ப் பார்த்தீர்? மூலவர் இல்லாம உற்சவம்!"

செம்பூர் மாமாவுக்கு இது நாற்பது பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி. உடனே கேஸ் திருட்டுக்குப் போகும். ஸெப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' மேல் வில்லி டிக்ஸன் வழக்குப் போட்டு 1987-ல் சமரசம் ஆன கதை அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மாட்டுங்கா மாமா இதற்குத்தான் காத்திருப்பார்.

"'சைல்ட் இன் டைம்' எங்கேருந்து வந்தது ஓய்? இட்ஸ் எ பியூட்டிஃபுல் டேன்னு ஸான்ஃப்ரான்ஸிஸ்கோ கோஷ்டி, 1969 ரெக்கார்டு, பாட்டுப் பேரு என்ன? 'பாம்பே காலிங்'! கூப்பிட்டது பம்பாய். எடுத்துண்டு போனது உம்ம ஆளு!"

"எடுத்ததை கில்லனே ஒத்துண்டான் ஓய். உம்ம ஆளு கோர்ட்டு வரைக்கும் போகவேண்டியிருந்தது."

இந்த இடத்தில் வரிசையில் நிற்கும் குஜராத்திக் குடும்பம் ஒன்று எப்போதும் ஓரடி தள்ளி நிற்கும். சொத்துத் தகராறு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அப்படி ஒன்றும் தப்பில்லை.

செம்பூர் மாமாவிடம் இன்னொரு அஸ்திரம் உண்டு. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தில் மாண்ட்ரூ காஸினோ கச்சேரி நடுவில் தீப்பிடித்து எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பர்பிள்காரர்கள் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' போட்டார்கள். "1990-ல நம்ம ஷண்முகானந்தா எரிஞ்சுதே ஓய், நம்மள்ல எவனாவது ஒரு வர்ணம் போட்டானா? சந்தா ரசீதுதான் போட்டான்." இதற்கு மட்டும் மாட்டுங்கா மாமாவிடம் பதில் கிடையாது. ஒரு நிமிஷம் இருவரும் மௌனமாக நிற்பார்கள்.

இருவருக்கும் பொதுவான தெய்வம் ஜெத்ரோ டல். பதினெட்டாம் நூற்றாண்டில் விதை விதைக்கும் யந்திரம் செய்த ஓர் இங்கிலீஷ் விவசாயியின் பெயர் அது. பாட்டுக்கோஷ்டிக்கு உழவர் பெயர் வைத்ததை நாம் மெச்சத்தான் வேண்டும். அதன் தலைவர் இயன் ஆண்டர்சன் ஒற்றைக் காலைத் தூக்கி நின்று புல்லாங்குழல் வாசிப்பார். அந்தப் போஸ்டரை மாமா இளவட்டத்தில் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாராம். கண் மங்கின பாட்டி தினம் அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் காபி குடிப்பாளாம். "குருவாயூரப்பன் தாடி வளர்த்திருக்கானேடா" என்று ஒரே ஒரு தரம் கேட்டதோடு சரி.

ரோலிங் ஸ்டோன்ஸைப் பற்றிப் பேச்சே வராது. 2003-ல் ப்ரேபோர்ன் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். மாமிகள் ஆசைப்பட்டுப் போனார்கள். அந்தக் காரணம் ஒன்றே போதுமாயிருந்தது.

போன மாதம் ராதா கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்ட தாராவியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் ஷெட்டில் உழைத்தவர். மகனுக்கு 90 அடி ரோட்டுப் பக்கம் மைக் செட் வாடகைக் கடை. இரண்டு மாமாக்களும் பந்தலடியில் வழக்கமான இடத்துக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். ஆம்ப்ளிஃபயரோடு பழகுகிறவர் ஆயிற்றே என்று மாட்டுங்கா மாமா அவரையே மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டார். "நீ சொல்லு தம்பி, எந்த பேண்டு உசத்தி?"

தம்பி ஒயரைப் பல்லால் சீவித் துப்பிவிட்டுச் சொன்னார். "நான் ஆளைப் பாக்கமாட்டேன் சார். எங்க வீட்டுக் கூரைத் தகரத்தைப் பாப்பேன். மித்தி ஆத்துக்கு அந்தாண்டதான பி.கே.சி. மைதானம், எங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம். 2007-ல ரோஜர் வாட்டர்ஸ் வந்தாரு. தகரம் ம்ம்முன்னு முனகிச்சு, அவ்வளவுதான். அடுத்த வருசம் அயர்ன் மெய்டன். எங்கம்மா பூகம்பம்னு நினைச்சுப் பேரனத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டாவ. பலகையில இருந்த எவர்சில்வர் டம்ளர் மூணு கீழ விழுந்துச்சு. 2016-ல கோல்ட்ப்ளே. பூனை கூட முழிக்கல."

"அப்போ...?"

"மெய்டன்தான் சார். டம்ளர் விழுந்துச்சுல்லா."

ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக மாட்டுங்காவும் செம்பூரும் ஒன்று சேர்ந்தன. "அது வெறும் இரைச்சல்!" என்றார் ஒருவர். "1975-ல ஆரம்பிச்ச பொடிப் பசங்க!" என்றார் மற்றவர். சுருதி சுத்தமாக ஒரே மூச்சில் வந்தது. தம்பி அசரவில்லை. "இருக்கட்டும் சார். நீங்க சொல்லுத ஸெப்பலின் எங்க மைதானத்துக்கு வந்து வாசிச்சாவளா? தகரம் என்ன சொல்லுச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?" என்று கேட்டுவிட்டு மைக்கில் "ஹலோ, செக்" என்றார்.

ஸெப்பலின் இந்தியாவில் ஒரு முழுக் கச்சேரிகூடச் செய்ததில்லை. தம்பியின் தீர்ப்பின் மேல் அப்பீல் இன்னும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்காக கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வரிசையில் சந்தனம் இட்ட யாராவது திரும்பி, "உங்களுக்கு ட்ரம்ஸ் பிடிக்குமா?" என்று கேட்டால், தமிழ் தெரியாத மாதிரி நிற்காதீர்கள். அவர்களுக்கு மராத்தியும் நன்றாக வரும்.