புரோகிராம் அண்ணன்

புரோகிராம் அண்ணன் இந்த வருஷம் ஜப்பானைப் பிடித்திருக்கிறார். போன வருஷம் காசி. எங்கள் ஏரியாவில் அவரிடம் அகப்பட்டவர் யாரும் கங்கையைப் பார்க்கவில்லை. ஆனால் எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் வண்டி நிற்கும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், டைம் ஆபீசில் இருந்தவர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மைன்ஸை மூடினார்கள். அவருக்குள் இருந்த டைம் ஆபீசை மூட யாருக்கும் தோன்றவில்லை.

ஜப்பானில் ரியோகான் என்று பழங்காலச் சத்திரங்கள் உண்டு. பாய் பரப்பிய அறை, ராத்திரி விரித்துத் தருகிற மெத்தை, வெந்நீர் ஊற்றுக் குளியல், இரண்டு வேளைச் சாப்பாடு. பெரும்பாலும் அறைக்கு வாடகை கிடையாது, தலைக்கு இவ்வளவு. "ஒரே ரூம்ல உக்காந்து, துன்னு, அங்கியே படுக்கணும்னா நம்ம லைன் வீடே போதாதா?" என்றார் அண்ணி. அது அண்ணனின் புரோகிராம் நோட்டில் ஏறவில்லை.

ஏறியது வேறு. ரியோகானில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குப் போயாக வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை. மாலை 6 மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார். தொட்டியில் இறங்கும் முன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்: 12 நிமிஷம். பிறகு யுகாதா அங்கி. அதில் இடதுபக்கம்தான் மேலே வர வேண்டும். வலதுபக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. சரிபார்க்க 3 நிமிஷம். செருப்புக் கழற்ற 1. ஷூ போடுகிற எனக்கு மட்டும் பெரிய மனசு பண்ணி 2. இப்படியே பின்னோக்கி வந்து, கடல் தாண்டி, நம்ம மாரிகுப்பம் ஸ்டேஷனில் எந்த வண்டியைப் பிடிப்பது என்பதில் வந்து நின்றார்.

ஜப்பானில் ரயில் மாற ஏழெட்டு நிமிஷம்தான் கிடைக்குமாம். ஒத்திகை பங்காருப்பேட்டை ஸ்டேஷனில். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, பெட்டிக்குள் துணிக்குப் பதில் அரிசியை அடைத்துக்கொண்டு பாலம் ஏறி இறங்கினோம். "தம்பி, நீ ஒன்றரை நிமிஷம் லேட்டு. உனக்கு ராத்திரி சோறு கெடையாது." நாங்கள் வீடு திரும்ப வேண்டிய வண்டி அன்றைக்கு எவ்வளவு லேட் என்று அவர் குறித்துக்கொள்ளவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கம் சாடோ தீவு. அங்கே 1601இல் தொடங்கி 1989வரை ஓடிய தங்கச் சுரங்கம், 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. டிக்கெட் வாங்கினால் உள்ளே நடக்கலாம். அந்தக் காலத்துத் தொழிலாளிகளைப் போல பொம்மைகள் அசைந்து வேலை செய்யும். நம்ம சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 1965இல் அதற்குள் நியூட்ரினோவைத் தேடிக் கண்டவர்களில் ஒசாகா விஞ்ஞானிகளும் உண்டு. "அவங்க வந்தாங்க, நாம திரும்பிப் போய் மொய் எழுத வேணாமா?" என்கிறார் அண்ணன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் தாத்தாவும் இறங்கிய குழியை, பூட்டின கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளுக்குக் கை காட்டுகிறோம். காற்றடித்தால் சுரங்கக் கழிவான சைனைடு மேட்டு மண் வீட்டுக்குள் வந்துவிடும், டிக்கெட் இல்லாமல்.

இதற்கிடையில் அடுத்த தெருக்காரர் ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனோடு சத்தமில்லாமல் ஜப்பான் போய், ரியோகானிலும் தங்கி வந்துவிட்டார். நோட்டு இல்லை, ஒத்திகை இல்லை. சாப்பாடு கிடைத்ததா என்று அண்ணன் கேட்கவே இல்லை. அவர் நீட்டிய போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கி, முகம் மலர்ந்தார்.

"பாத்தியா, வலதுபக்கம் மேலே. பொணம்!"

"அண்ணே, அது செல்பி. இடம் வலம் மாத்திக் காட்டுது."

அண்ணன் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு நோட்டைப் பிரித்து, யுகாதாவுக்கு நேரே எழுதினார்: செல்பி கூடாது. போட்டோ எடுக்க வேறு ஆள், 4 நிமிஷம்.