பிந்திய கடிதாசிக்கு முந்திய பதில்கள்

பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வீடுகளிலிருந்துதான் இம்முறை கடிதங்கள் அதிகம். எல்லாம் மகாபொல, பர்சரி உதவிப்பணப் படிவங்கள் பற்றியவை.

கே: பர்சரிப் படிவம் கொடுக்க இறுதித் திகதி நேற்று. இன்று கொண்டுபோனால் எடுப்பார்களா?
– மாணவன், கரவெட்டி

ப: இந்தக் கேள்வியைத் தபாலில் போட்டு, பதில் அச்சில் வரும்வரை பார்த்திருக்கிறீர் என்றால் உமது ‘நேற்று’ இதற்குள் போன மாதமாகியிருக்கும். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் புறப்படும். மாணவர் நலப் பிரிவில் படிவத்தோடு ஒரு பக்கக் கடிதமும் கொடும். ஏன் பிந்தியது, அதற்கு என்ன அத்தாட்சி, இன்னும் எந்தப் பத்திரம் வரவேண்டும் என்ற மூன்றும் போதும். பரம்பரைக் கதை வேண்டாம். கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்பாதேயும். எடுப்பதும் விடுவதும் அவர்கள் கையில். நீர் போனதற்குச் சாட்சி உமது கையில்.

கே: எல்லாப் பத்திரமும் சேர்ந்த பிறகுதான் படிவம் கொடுப்பேன் என்று மகன் வைத்துக்கொண்டிருக்கிறான். சரியா?
– ஒரு தாய், மீசாலை

ப: பிழை அம்மா. குறையோடு படிவம் கிடந்தால் “இதைக் கொண்டு வா” என்று பிள்ளையைக் கூப்பிட ஒரு வழி இருக்கும். வராத படிவத்துக்கு யாரைக் கூப்பிடுவது? இன்னொன்று: பல்கலைக்கழகப் பதிவுத் திகதி வேறு, உதவிப்பணத் திகதி வேறு. இரண்டாவது தவறினால் காசு போகும். முதலாவது தவறினால் இடமே போகும்.

கே: மேலொப்பத்துக்காகப் படகேறி யாழ்ப்பாணம் போகவேண்டுமா?
– மாணவன், நெடுந்தீவு

ப: யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களில் ஒன்று உமது தீவிலேயே இருக்கிறது. முதலில் விதானையார் (கிராம அலுவலர்) கையெழுத்து, பிறகு செயலகத்தில் மேலொப்பம். வரிசை மாறினால் திருப்பி அனுப்புவார்கள். பிறகு படிவம் கொடுக்கக் குறிகட்டுவான் படகு ஏறமுன் அதை ஒருக்கால் விரித்துப் பாரும். ஊரார் முத்திரையெல்லாம் பளிச்சென்று இருக்கும். ‘விண்ணப்பதாரியின் கையொப்பம்’ என்ற கோடு மட்டும் வெறுமையாகக் கிடக்கும்.

கே: அப்பாவுக்குத் தோட்டம், சம்பளச் சீட்டு இல்லை. கனடா மாமாவும் இடைக்கிடை காசு அனுப்புவார். வருமானம் என்று எதை எழுத?
– மாணவி, உரும்பிராய்

ப: வெங்காயம் விற்ற காசு ஒரு பக்கம், விதை, உரம், இறைப்பு, கூலி மறுபக்கம் என்று வருடக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு விதானையாரிடம் போம். மாமாவின் காசு மாதாமாதம் வருகிறது என்றால் மறைக்கவேண்டாம். அவர் வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிளில் போய் இறங்கி “வருமானம் இல்லை” என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும்.

கே: அப்பா 2009 இல் காணாமல் போனவர். ‘தந்தையின் வருமானம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது? இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அம்மா அதை எடுக்க மாட்டேன் என்கிறா.
– மாணவி, பருத்தித்துறை

ப: அம்மாவை வற்புறுத்தவேண்டாம், பிள்ளை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இறந்தவர் என்று பதியாமலே காணாமல் போனவர் என்று சான்றிதழ் பெற வழி இருக்கிறது. மாவட்டப் பதிவாளரிடம் விசாரியும். அது வர நாள் எடுக்கும். அதுவரை, குடும்ப நிலையைச் சொல்லி விதானையார் தரும் கடிதத்தைப் படிவத்தோடு இணையும். அந்த இடத்தில் அம்மாவின் உழைப்பை எழுதி, உள்ளதை உள்ளபடி ஒரு வரியில் சொல்லும்.

கே: பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. என்ன செய்ய?
– மாணவன், சுன்னாகம்

ப: சமாதான நீதவானிடம் போய், இரண்டும் நானே என்று சத்தியக்கடதாசி முடியும். பதிவைத் திருத்துவது நீண்ட பயணம். அதைப் படிவம் கொடுத்த பிறகு தொடங்கும்.

கே: மகாபொல நல்லதா, பர்சரி நல்லதா?
– மாணவி, இணுவில்

ப: கிடைப்பது நல்லது. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. மகாபொல நிதியத்துக்கு 1981 இல் சட்டம் வந்தது. அதை உண்டாக்கியவர் அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி. லொத்தர் காசும் அதற்குப் போகிறது. ஆகவே உமது அப்பாவுக்கு விழாத சீட்டும் முழுக்க வீணில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதத் தொகை மகாபொலவுக்கு 5,000 இலிருந்து 7,500 ரூபாவாகவும் பர்சரிக்கு 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்ந்தது. மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அழுதுகொண்டிராமல் பர்சரிப் படிவத்தை நிரப்பும்.

கே: நாங்கள் ஒரு நாள் பிந்தினால் முகத்தைச் சுளிக்கிறார்கள். மகாபொலக் காசு மாதக்கணக்கில் பிந்துகிறதே, இது என்ன நியாயம்?
– மாணவர் சிலர், திருநெல்வேலி

ப: நியாயமே இல்லை. ஆனால் அரசாங்கம் பிந்தினால் நிலுவை என்று சொல்லி ஒருநாள் சேர்த்துப் போடும். நீங்கள் பிந்தினால் சேர்த்துப் போட யாரும் இல்லை. அதனால் பிந்துகிற வேலையை வசதியுள்ளவர்களுக்கே விட்டுவிடுங்கள்.